பிடி அரிசியும் ஒரு குரோஸ் பெட்டியும்

விருதுநகர்க்காரர் யாரிடம் வேண்டுமானாலும் சத்திரிய வித்யாசாலா பள்ளியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது வாக்கியத்தில் பிடி அரிசி வந்துவிடும். ஊருக்கு அப்போது விருதுபட்டி என்று பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கிருந்த நாடார் உறவின்முறையினர் தங்கள் பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அதை நடத்தப் பணம் வேண்டும். வீட்டுக்கு வீடு, உலையில் போடுவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே வைத்தார்கள். அப்படிச் சேர்ந்த அரிசியைத் திரட்டிப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். காமராஜர் படித்தது அந்தப் பள்ளியில்தான்.

நான் வரலாறு கற்பிக்கிறவள். இந்தக் கதையை எத்தனை மேடைகளில் கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஜூலை 15, காமராஜர் பிறந்தநாள் வந்தால் எங்கள் பக்கத்தில் இந்தக் கதை இல்லாமல் விழா நடக்காது. எல்லா மேடையிலும் அந்த வாக்கியத்தின் எழுவாய் ஒன்றாகவே இருக்கும். 'ஊர் பிடி அரிசி கொடுத்தது.' 'சமுதாயம் பிடி அரிசி கொடுத்தது.' கேட்டுக்கேட்டு எனக்கும் அது உறைக்காமல் போயிருந்தது. ஒரு வருடம் வகுப்பில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வரிசையில் இருந்த மாணவி ஒருத்தி, "மேடம், அந்தப் பிடியை எடுத்தது யாரு?" என்று கேட்டாள். பொம்பளைகதான் என்று பத்துப் பேர் ஒரே குரலில் சொன்னார்கள். எல்லாருக்கும் தெரிந்த பதில். ஆனால் எந்த மேடையிலும் அந்தப் பதிலை நான் கேட்டதில்லை.

ஊர் உலை வைக்காது. சமுதாயத்துக்கு அரிசிப்பானை கிடையாது. உழக்கால் அளந்து, கல் பொறுக்கி, களைந்து உலையில் போடும் ஒருத்தி இருந்தால்தான் பிடி அரிசி என்று ஒன்று இருக்க முடியும். அந்த ஒருத்தியைப் பற்றியும், அவளைப் போல நம் பக்கத்து வீட்டில் இருக்கிறவர்களைப் பற்றியும் எழுதத்தான் இந்தக் கட்டுரை. நல்லவர்களை நாம் எப்படி மெச்சுகிறோம், எப்படி மெச்ச வேண்டும் என்பது எனக்கு வெறும் பாடப்பொருள் இல்லை. அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

*

உறவின்முறை பணம் திரட்டிய இன்னொரு வழி மகமை. கடையில் நடக்கும் வியாபாரத்துக்கு, வந்து இறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று வணிகர்கள் தங்களுக்குள் விதித்துக்கொண்ட பங்கு அது. அதில் கோயில், கிணறு, சாவடி, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. மகமையைக் கொடுத்தவருக்குக் கடை உண்டு, கடைக்குப் பெயர் உண்டு, பெயருக்குக் கணக்கில் ஒரு வரி உண்டு. உறவின்முறைக் கூட்டத்தில் அவருக்கு உட்கார இடமும் உண்டு. பிடி அரிசி போட்டவளுக்கு இந்த நான்கும் கிடையாது. அவள் கொடுத்ததற்குப் பானைதான் கணக்கு. பானை காலியானதும் கணக்கும் அழிந்துபோகும்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அந்தப் பிடி யாருடைய வயிற்றிலிருந்து வந்தது? வசதியான வீடு என்றால் யாருக்கும் குறைந்திருக்காது. அளந்து பொங்குகிற வீட்டில் ஒரு பிடி குறைந்தால், கடைசியில் சாப்பிடுகிறவள் தட்டில்தான் குறையும். எங்கள் வீடுகளில் கடைசியில் சாப்பிடுவது யார் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்படிச் சேர்ந்த அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர்கள் பையன்கள். பிடி அரிசி போட்டவர்களில் பெரும்பாலோர் எழுத்து வாசனை அறியாதவர்கள். இதையும் மறைக்கக் கூடாது: அது ஒரு சாதியின் வீடுகளில் எடுத்து, அந்தச் சாதி தன் முன்னேற்றத்துக்காகத் திரட்டிய அரிசி. கோயிலுக்குள் நுழைய விடாத காலத்தில் அவர்கள் தங்கள் சொந்தக் காலில் எழுந்து நின்ற வரலாறு அது. எல்லாத் தெருவும் கூடிச் செய்த வேலை என்று அதைச் சொல்ல முடியாது.

காமராஜருக்கு ஆறு வயதாகும்போது அவருடைய தகப்பனார் குமாரசாமி இறந்துபோனார். அம்மா சிவகாமி அம்மாள் தோட்டைத் தவிர மற்ற நகைகளை விற்று, அந்தப் பணத்தை ஒரு வணிகரிடம் கொடுத்துவைத்து, மாதாமாதம் வரும் வட்டியில் குடும்பத்தை நடத்தினார். வரலாற்று நூல்கள் இதைச் சொல்லும்போது 'பொறுமையின் வடிவம்' என்பதுபோல ஏதாவது சொல்லி நகர்ந்துவிடும். என் கண்ணில் படுவது அவருடைய கணக்கு. கைம்பெண் கையில் முதல் தங்காது என்பதைத் தெரிந்து, முதலைத் தொடாமல் வட்டியில் வாழ வழி செய்த ஒரு நிதி ஏற்பாடு. அவருடைய மகன் முதலமைச்சரான பிறகு, 1956இல் பள்ளிகளில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, ஊரார் தரும் நன்கொடையும் தானியமும்தான் அதன் தொடக்கக் கைமுதல். வீட்டுக்கு ஒரு பிடி என்ற கணக்கு தெரிந்த ஊரில் வளர்ந்த ஒருவருக்கு, நாடு முழுக்க அப்படித் திரட்டலாம் என்று தோன்றியதில் வியப்பில்லை. ஆனால் அந்த யோசனைக்கு முன்னோடிகள் யாரென்று பட்டியல் போடும்போது நாம் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் எழுதுகிறோம். அரிசிப்பானைக்கு முன்னால் நின்றவர்களை எழுதுவதில்லை.

எழுத முடியாது என்பதற்கில்லை. மிசோரமில் 'பூஃபாய் தாம்' என்று ஒரு வழக்கம் உண்டு. பிடி அரிசி என்றுதான் அதற்கும் பொருள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து அங்கே கிறித்தவப் பெண்கள் ஒவ்வொரு வேளை சமைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைத் திருச்சபைக்கென்று எடுத்துவைக்கிறார்கள். இன்றும் அது தொடர்கிறது. திருச்சபையின் வரவுக் கணக்கில் அதற்குத் தனித் தலைப்பே உண்டு. கணக்கில் ஏறியதால் பெண்களுக்குப் பிரசங்க மேடையில் இடம் கிடைத்துவிடவில்லை என்பது வேறு விஷயம். ஆனாலும் எழுதி வைத்திருப்பதால், நாங்கள் கொடுத்தோம், எங்களுக்கு இடம் எங்கே என்று கேட்க அந்தப் பெண்களிடம் ஒரு தாள் இருக்கிறது. நம்மிடம் பானை மட்டும்தான்.

*

விருதுநகரிலிருந்து 25 கிலோமீட்டர் போல வந்தால் சிவகாசி. இங்கேயும் தொடக்கக் கதை ஒன்று உண்டு. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் அதிலிருந்து தீப்பெட்டி வந்தது, பட்டாசு வந்தது, அச்சகம் வந்தது. அந்த இரண்டு பேரின் துணிச்சலை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் சுவீடன் முதலாளிகளின் விம்கோ நிறுவனம் எந்திரத்தில் செய்த தீப்பெட்டியோடு சிவகாசியின் கைத்தீப்பெட்டி போட்டிபோட்டு நிலைத்ததற்கு, அரசு தந்த வரிச்சலுகையோடு, மலிவாகக் கிடைத்த கைகளும் காரணம். அந்தக் கைகள் பெண்களுடையவை, குழந்தைகளுடையவை. எங்கள் ஊர்ப்பக்கம் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை. தீப்பெட்டி ஆபீஸ், பயர் ஆபீஸ் என்போம். ஆபீஸுக்குப் போகாத வீட்டுக்கு ஆபீஸே வந்துவிடும். ஏஜெண்ட் அட்டையும் தாளும் கொண்டுவந்து போடுவார். ஒட்டி முடித்த பெட்டிகளை எண்ணி எடுத்துப் போவார். 144 பெட்டி ஒரு குரோஸ். குரோஸுக்கு இவ்வளவு என்று கூலி.

நானும் ஒட்டினேன். ஏழு வயதில் தொடங்கியது. பள்ளி விட்டு வந்ததும் பையை வைத்துவிட்டு உட்கார வேண்டும். அம்மா பசை காய்ச்சி வைத்திருப்பாள். அடிப்பெட்டி ஒரு பக்கம், மேல்பெட்டி ஒரு பக்கம் குவியும். என் பங்கு நாளொன்றுக்கு மூன்று குரோஸ். ஒரு குரோஸ் ஒட்ட எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மூன்றையும் முடிக்கும்போது கண் சொருகிவிடும். படிப்பதென்றால் அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அந்த வீட்டுக்காரியை நான் பெரியம்மா என்பேன். எங்கள் ஏஜெண்ட்தான் அவளுக்கும். நான் பத்தாம் வகுப்புக்குப் போன 1992 ஜூன் மாதம், ஒருநாள் சாயங்காலம் பெரியம்மா முந்தியில் பெட்டிகளை அள்ளிக் கட்டிக்கொண்டு வந்தாள். என் குவியலில் தட்டிவிட்டாள். "போ தாயி, போயிப் படி" என்றாள். அவ்வளவுதான். மறுநாளும் வந்தாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். அம்மா பார்த்தும் பார்க்காததுபோல அடுப்படியில் நிற்பாள். இரண்டு பெண்களும் இதைப்பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொண்டதாக எனக்கு நினைவில்லை. 1993 மார்ச்சில் பொதுத் தேர்வு முடியும்வரை நாள் தவறாமல் ஒரு குரோஸ் பெட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. ஏஜெண்ட் நோட்டில் அது எங்கள் கணக்கில் ஏறியது.

பத்து மாதம், சுமாராக 300 நாள். நாளுக்கு 144 என்றால் 43,200 பெட்டி. எனக்குக் கிடைத்தது நாளுக்கு ஒரு மணி நேர வெளிச்சம். அந்த வெளிச்சத்தில்தான் நான் தேறினேன். கல்லூரியில் இடம் கிடைத்ததும் மிட்டாய் வாங்கிக்கொண்டு பெரியம்மாவைப் பார்க்கப் போனேன். நீங்க இல்லேன்னா, என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்க விடவில்லை. "இதுல என்னத்தா இருக்கு, உக்காந்த எடத்துல ஒட்டுறதுதான" என்றாள்.

இருபத்தைந்து வருடம் இந்தக் கதையை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். வகுப்பில் சொன்னேன். மகளிர் தினக் கூட்டங்களில் சொன்னேன். கேட்டவர்கள் கண் கலங்கினார்கள். பெரியம்மா இறந்தபோது அழுதவர்களில் நானும் ஒருத்தி.

*

2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பட்டாசில் பேரியம் உப்பு சேர்க்கக் கூடாது, பசுமைப் பட்டாசுதான் செய்ய வேண்டும் என்று உத்தரவிட்டது. பேரியம் இல்லாமல் பெரும்பாலான ரகங்களைச் செய்ய முடியாது என்று ஆலைகளை மூடிவிட்டார்கள். மாதக்கணக்கில் வேலை இல்லை. ஆபீஸ் வண்டி வராத காலைகளில் பெண்கள் தெருவில் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். 2019 தொடக்கத்தில் ஊருக்குப் போனபோது பெரியம்மா மகளைப் பார்க்கப் போனேன். அவளும் நானும் ஒரே வயது. அவள் நாலாம் வகுப்போடு நின்றுவிட்டாள். அவளுடைய அப்பா வாங்கிய அட்வான்ஸ் கழிய வேண்டியிருந்தது. பிறகு வயதுக்கு வந்ததும் பயர் ஆபீஸ். சரவெடி பின்னுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்பார்கள்.

வழக்கம்போல நான் பெரியம்மாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தேன். அந்த ஒரு குரோஸ் கதைக்கு வந்தேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, கோபம் எதுவும் இல்லாத குரலில் சொன்னாள்:

"எங்கம்மா நல்லவதான். நான் இல்லங்கல. ஆனா உன் கணக்குல ஒரு குரோசு ஏறுனா எங்க கணக்குல ஒரு குரோசு கொறையும்ல. அதை யாரு ஈடு கட்டுனான்னு நினைக்கிற? வெளக்க அமத்துனப்புறம் வாசல்ல தெருவிளக்குல உக்காந்து நாந்தான ஒட்டுனேன்."

எனக்குப் பேச்சு வரவில்லை. ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கேக்கலையே" என்றாள். உனக்கு அம்மா மேல் கோபம் இல்லையா என்று கேட்டேன். "அப்ப இருந்துச்சு. ஆனா நான் ஏற்கனவே நின்னுட்டேன்ல. ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு கெடக்குறதுக்கு ஒருத்தியாவது போகட்டும்னு நினைச்சிருப்பா" என்றாள்.

எழுவாயைத் தவறவிட்டவர்கள் என்று மேடைப் பேச்சாளர்களை நான் குறை சொன்னேன். நானும் அதையேதான் செய்திருக்கிறேன். பிடி அரிசியை எடுத்த கை எது என்று கேட்டவள், அது யார் தட்டிலிருந்து குறைந்தது என்று என் சொந்தக் கதையில் கேட்கவில்லை. பெரியம்மாவின் நல்ல மனசு பொய்யில்லை. ஆனால் அதில் பாதி ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் தூக்கம். அவளைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்தது. அவளும் பிறகு மனம் ஒப்பித்தான் கொடுத்தாள் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அப்போது அவளுக்கு வேறு வழி இருக்கவில்லை.

*

இதைச் சொல்வதால் நல்லவர்களைச் சந்தேகப்படுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கு நேர்மாறாகச் சொல்ல வருகிறேன். அன்றைக்கு அவள் வேறொன்றும் சொன்னாள். பயர் ஆபீஸில் ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது என்பது விதி. உள்குத்தகைக்கு எடுத்து நடத்துகிற இடங்களில் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? ஏழு பேர், எட்டுப் பேர் இருப்பார்களாம். "மாசமா இருக்குற பிள்ளைய மட்டும் வாசலோரம் உக்கார வச்சிருவோம். ஏதாச்சும்னா மொதல்ல அவ ஓடணும்ல" என்றாள். போர்மேன் சொல்லி அப்படிச் செய்வதில்லை. எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. மருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாடு. வாசலோரம் ஒருத்தி உட்கார்ந்தால் இன்னொருத்தி சுவரோரம் போக வேண்டும். அந்த அறையில் வாசலோரம் என்பது உயிர். அதைத்தான் கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்டால் நெஞ்சு நிறைகிறது. நிறைந்த நெஞ்சோடு அங்கேயே நின்றுவிட்டால் ஆபத்து. ஏனென்றால் வாசலோரம் ஒருத்தியை உட்கார வைக்கும் நல்ல மனசு தேவைப்படாத அறையை அமைப்பதுதான் சட்டத்தின் வேலை. நாலு பேர் என்றால் நாலு பேர். ஓடுவதற்கு எல்லாருக்கும் வாசல். அது நடக்காத இடத்தில்தான் பெண்களின் நல்ல மனசு அந்த ஓட்டையை அடைத்துக்கொண்டிருக்கிறது.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்குப் பக்கத்தில் முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்து எங்கள் தலைமுறைக்கு மறக்காது. நாற்பது பேரளவில் இறந்துபோனார்கள். அவர்களில் பலர் அந்த ஆலையின் தொழிலாளர்கள் இல்லை. முதலில் புகையைக் கண்டு பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்கள். அடுத்து வெடித்த பெரிய வெடியில் அவர்கள் சிக்கினார்கள். மறுநாள் செய்திகளில் 'வேடிக்கை பார்க்கப் போனவர்கள்' என்ற சொல் வந்தது. வேடிக்கை பார்க்கப் போனவர்களும் இருந்திருக்கலாம். ஆனால் பயர் ஆபீஸில் புகை எழுந்தால் எங்கள் ஊர்களில் ஓடுகிறவர்கள் பெரும்பாலும் எதற்காக ஓடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். உள்ளே அக்கா இருப்பாள், மருமகள் இருப்பாள், சீட்டுப் போடுகிறவள் இருப்பாள். தூக்க ஆள் வேண்டும், தண்ணீர் வேண்டும், வண்டி வேண்டும். அப்படி ஓடியவர்களை வரலாறு ஒரே சொல்லில் வேடிக்கைக்காரர்கள் ஆக்கிவிட்டது. கடும் தீக்காயம் பட்டவர்களை மதுரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். ஏறக்குறைய 70 கிலோமீட்டர். 1940களிலிருந்து பட்டாசு செய்துவரும் பகுதியில், தீக்காயத்துக்கு நல்ல சிகிச்சை வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியிருந்தது. 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் பக்கம் அச்சங்குளத்தில் வெடித்தபோதும் உள்குத்தகை என்ற சொல்தான் மீண்டும் செய்திகளில் அடிபட்டது.

ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் மனிதநேயம் என்ற சொல் மேடைக்கு வரும். ஊர் மக்கள் ஓடிவந்து உதவியதை எல்லாரும் பாராட்டுவார்கள். பாராட்டட்டும். ஆனால் அந்தப் பாராட்டு யாருடைய கடனைத் தள்ளுபடி செய்கிறது என்று நாம் கேட்க வேண்டும்.

குழந்தைத் தொழிலாளர் பற்றி எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கு சிவகாசியில்தான் தொடங்கியது. அபாயமான தொழிலில் குழந்தையை வைத்திருந்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நலநிதியில் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 ரூபாய் போட வேண்டும். ஒரு குழந்தை பெட்டி ஒட்டாமல் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால், அந்த ஈட்டை யார் கட்ட வேண்டும் என்பதற்கு நீதிமன்றம் தந்த பதில் அது. முதலாளியும் அரசும் என்றது. என் விஷயத்தில் அந்தத் தீர்ப்புக்கு மூன்று வருடம் முன்பே ஈட்டைக் கட்டி முடித்துவிட்டார்கள். கட்டியவர்கள் ஒரு பெட்டி ஒட்டுகிறவளும் அவளுடைய மகளும்.

*

இப்போதெல்லாம் என் மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். உங்கள் தெருவில் உங்களுக்கு நல்லது செய்த ஒருவரைப் பற்றி எழுதி வாருங்கள் என்பேன். முதல் வருடம் வந்த தாள்களில் பாதி, கோயிலுக்கு விளக்கு வாங்கிக் கொடுத்தவர், பள்ளிக்கு பெஞ்சு போட்டவர் என்று ஏற்கெனவே கல்வெட்டில் பெயர் இருப்பவர்களைப் பற்றி இருந்தது. அதனால் இப்போது மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கொடுக்கிறேன். கொடுத்த கை யாருடையது? யார் பங்கிலிருந்து அது வந்தது? உண்மையில் அதைக் கொடுத்திருக்க வேண்டியவர் யார்?

முதல் கேள்விக்கு எல்லாரும் எழுதிவிடுகிறார்கள். நாலு மணிக்கு எழுந்து தன் பிள்ளையோடு பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் சேர்த்துச் சடை பின்னிவிடும் சித்தி வருகிறாள். கடன் நோட்டில் சில பக்கங்களைக் கண்டுகொள்ளாமல் விடும் பெட்டிக்கடை ஆச்சி வருகிறாள். ஆபீஸ் வண்டியில் தூங்கிவிழும் சின்னப் பெண்ணுக்குத் தோள் கொடுத்தே வருடங்களைக் கழித்த அக்கா வருகிறாள். எழுதும்போதே பிள்ளைகளுக்கு முகம் மாறிவிடும். தினம் பார்க்கிற ஆளை முதன்முறையாகப் பார்ப்பது போலிருக்கும். அதுவே பெரிய காரியம்தான். நம் வீட்டுப் பெண்களிடம் வரலாறு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது கேள்விக்குப் போய்க் கேட்டுவர வேண்டும். சிலர் அழுதுகொண்டு திரும்பி வருகிறார்கள். மூன்றாவது கேள்விக்கு விடுபட்ட சத்துணவு, நின்றுபோன பேருந்து, கட்டப்படாத பி.எஃப்., திறக்காத சுகாதார நிலையம் என்று பட்டியல் நீளும். ஒருவரை உண்மையாக மெச்சுவதென்றால் மூன்றையும் எழுத வேண்டும் என்று நான் நம்புகிறேன். முதலாவதை மட்டும் எழுதினால் புகழ்ச்சி. மூன்றாவதை மட்டும் எழுதினால் மனு. மூன்றும் சேர்ந்தால்தான் வரலாறு.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முன்னால் பெரியம்மா மகளிடம் கேட்டேன். எழுதட்டுமா என்றதற்கு, "எழுது" என்றாள். பெயர் போடலாமா என்றதற்கு யோசித்துவிட்டு, "பேரு வேண்டாம், நாளைக்கும் வண்டி ஏறணும்ல" என்றாள். கிளம்பும்போது வாசல்வரை வந்து, "எங்கம்மாவ எழுதுறப்ப அந்தக் குரோச யாரு ஒட்டுனதுன்னும் எழுதிரு" என்றாள்.

எழுதிவிட்டேன். 1992 ஜூன் முதல் 1993 மார்ச் வரை, நாளொன்றுக்கு ஒரு குரோஸ். கொண்டுவந்து போட்டவள் பெரியம்மா. தெருவிளக்கில் ஒட்டியவள் அவள் மகள். படித்தவள் நான்.